காப்பி விளம்பரத்தில் உங்கள் குரல்

உங்களுக்கு,

அந்த டின் காப்பி விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா? எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதுதான் ஓடுகிறது.

ஹாலிவுட் நடிகர்கள் நம் ஜப்பான் விளம்பரங்களில் அசடு வழியக் குனிந்து வணங்கும்போதெல்லாம் நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்போது எரிச்சல்தான் வருகிறது. இந்தக் காப்பி விளம்பரத்து நடிகருக்கு ஜப்பானிய மொழியில் எப்போதும் நீங்கள்தானே குரல்! படத்திலும் நீங்கள், காப்பியிலும் நீங்கள். கதவைத் திறந்து, "நான் வந்துட்டேன்!" என்கிறார். காலணியைக் கழற்றி வாசலைப் பார்க்கத் திருப்பி வேறு வைக்கிறார். இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருநாளாவது அப்படி வைத்ததுண்டா?

பக்கத்து வீட்டு குராமோச்சி அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "அந்த வெள்ளைக்காரர் வாயில உங்க வீட்டுக்காரர் குரல் என்னமா ஒட்டிக்குது! ஆமா, ஆளையே காணோமே?" என்று கேட்டார்.

"வேலை விஷயமா வெளியூர்ல இருக்கார்" என்றேன். மழைக்காலத்திலிருந்து இதையே சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நேற்று டிவிக்கு முதுகைக் காட்டி நின்று மீன் சுட்டுக்கொண்டிருந்தேன். "நான் வந்துட்டேன்!" என்று கேட்டது. "வாங்க, சாப்பாடு தயாரா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் காப்பி விளம்பரம் முடிந்து ஷாம்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மீன் கருகிவிட்டது, இரண்டு துண்டும்.

வேறு யாரையாவது பேசவைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், அந்த ஒரு வரியை நீங்களே நேரில் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதில் சொல்லியே பழகிப்போனவள்