அமர்சிங் வாசலில் மூன்றாவது அழைப்பு

ஆக்ரா கோட்டை,
4 நவம்பர் 1963

அன்புள்ள தஸ்னீமுக்கு,

சலாம். ஃபிரோசாபாத்தில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமா? விளக்குச் சுடரில் கண்ணாடி வளையல் முனை ஒட்டும் வேலை கண்ணைக் கெடுக்கும், பார்த்துச் செய். மூன்றரை வருடத்தில் நீ ஒரு வரி எழுதவில்லை. உன் கோபம் நியாயம்தான்.

நான் காவல் நிற்கும் அமர்சிங் வாசலின் வழக்கம் உனக்குத் தெரியும். சூரியன் இறங்கியதும் உள்ளே பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் வராவிட்டால்தான் தாழ் போடலாம். எனக்குத் தினமும் மூன்றாவதற்குப் பதில் வருகிறது. யானைப்படை ஓடிவர முடியாதபடி பாதை ஒடிந்து திரும்புகிறதே, அங்கிருந்து, "இதோ இருக்கேன்ப்பா" என்று. எப்படிப் பூட்டுவேன்? பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னத் திட்டிவாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அதிகாரி பார்த்துவிட்டார். "என்ன மியான், கோட்டைக்குக் காத்து வாங்குறியா? ஒண்ணாந்தேதி வேற ஆளு வர்றான், சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு" என்றார். புது ஆள் கூப்பிடாமலே பூட்டிவிடுவான். என் குரலுக்கு நம் பிள்ளை நிகத் வெளியே வரமாட்டேன் என்கிறாள். நீ வந்து கூப்பிடு.

இஷ்தியாக்

ஃபிரோசாபாத்,
11 நவம்பர்

நிகத் அப்பாவுக்கு,

சலாம். பெருநாள் பிறை பார்க்கும் அவசரத்தில் அன்று ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டுத் தாழ் போட்டீர்கள். மூன்றாவதற்குத்தான் பதில் சொல்வாள், அது அவள் விளையாட்டு. அது உங்களுக்குத் தெரியாதா? "ஏங்க, புள்ள எங்க?" என்று நான் கேட்டதற்கு, "உங்கிட்டதான் வந்திருப்பா, பிறையப் பாரு" என்றீர்கள். நான் பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் எட்டு வயதுப் பிள்ளை வழி தேடி மதிலேறி அகழியில் விழுந்தாள்.

உங்களுக்குக் கேட்பது கல்லின் எதிரொலி. என்னைக் கூப்பிடாதீர்கள். பூட்டியவர் நீங்கள்.

தஸ்னீம்

ஆக்ரா கோட்டை,
29 நவம்பர்

அன்புள்ள தஸ்னீமுக்கு,

நேற்று நீ வந்தாய். என்னைப் பார்க்காமல் உள்ளே நடந்தாய். பரவாயில்லை. அந்தத் திருப்பத்தில் நின்று, "நிகத், வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்று மூன்று முறை கூப்பிட்டாய். எனக்குப் பதில் எதுவும் கேட்கவில்லை. பிறகு திட்டிவாசலில் குனிந்து வெளியே போனாய். போன பின்பும் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். யாருக்காக அது?

நீ போனதும் நான் கூப்பிட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகு முதல் முறையாகத் தாழ் போட்டேன். போட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து அழுதேன்.

நாளை மறுநாள் சாவியைக் கொடுத்துவிடுவேன். அவள் உன்னோடு இருக்கிறாளா? நான் அங்கே வரலாமா?

இஷ்தியாக்

ஃபிரோசாபாத்,
4 டிசம்பர்

நிகத் அப்பாவுக்கு,

சலாம். "ஒரு தட்டு கூடுதலா வைக்கிறியே, யாருக்குடி?" என்று அண்ணி கேட்டாள். நான் அந்தத் தட்டிலும் ரொட்டி வைத்தேன்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் வரக்கூடாது என்று சொல்ல நான் மட்டும் போதாது. வாருங்கள். தெருவாசலில் நின்று கூப்பிடுங்கள். அவசரப்படாமல், மூன்று முறையும். நான் வாய் திறக்க மாட்டேன். அவள் பதில் சொன்னால் உள்ளே வாருங்கள்.

கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

தஸ்னீம்