மாடிப்படிக்கு அடியில் ஒரு விரிசல்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனில் பேசினால் உனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, மீதியை நீயாக நிரப்பிக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம். போன வாரம் பத்திரிகையில் நீ எழுதும் ‘வீட்டுப் பக்க’த்தில், ஒழுகும் குழாய்க்குக் கீழே எட்டு மாதம் வாளி வைத்திருந்த மனிதரைப் பற்றிப் படித்தேன். அது யாரென்று பேப்பர் போடுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மிக்க நன்றி.

எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீடுகளில் விற்பனைப் பலகை தொங்குகிறது. புரோக்கர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீ எழுதினபடி வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தேன், கூடத்தில் பாதிச் சாமானை ஒழித்துவிட்டேன். இதுவரை வந்து பார்த்தவர்கள் இரண்டே பேர்.

பக்கவாதம் வந்து என் மனைவி மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. சமதரையில் பிடித்துக்கொண்டு நடப்பாள், படி ஏறுவது இனி நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலோ படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். பூங்காவுக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். ஏப்ரல் கடைசி வரைக்கும் எனக்காக வைத்திருப்பார்கள். இது விற்றால்தான் அது. தினமும் சாயங்காலம் நான் கிளம்பும்போது, “என்னை எப்போ கூட்டிட்டுப் போவீங்க?” என்று கேட்கிறாள்.

ஒரு சந்தேகம். மாடிப்படிக்கு அடியில் சுவர் விரிந்திருக்கிறது. சுண்டுவிரல் நுழைகிறது. பட்டி பார்த்து மூடிவிடலாமா?

உன்
தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

மூடாதே. தலைமுடி மாதிரி ஓடும் கீறலுக்குப் பட்டி போதும், விரல் நுழைகிற விரிசலுக்குப் போதாது. சன்னமான கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு நுனியையும் சிமென்ட்டால் ஒட்டு. பக்கத்தில் தேதி எழுது. ஒரு மாதம் கண்ணாடி அப்படியே இருந்தால் பழைய விரிசல், பயமில்லை. உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும்.

விலையில் கொஞ்சம் இறங்கி வா. இந்த வருஷம் மாடி வீட்டைத் திரும்பிப் பார்ப்பவர்களே குறைவு. வருகிறவர்களைக் காலையில் வரச் சொல், உன் கூடத்துக்கு அப்போதுதான் வெளிச்சம். நீ பின்னாலேயே போய் வளவளக்காதே, அவர்களே சுற்றிப் பார்க்கட்டும்.

அவளிடம் நான் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மனைவி, ஐந்து வயதில் இரட்டைப் பெண்கள். அந்தக் குட்டிகள் மாடிக்கு ஓடிப்போய், படிக்கு மேலே இருக்கிற அறை தங்களுக்குத்தான் என்று சண்டையே போட்டுக்கொண்டன. கண்ணாடியைப் பார்த்து இது என்னவென்று கேட்டார் அவர். பல்லி வராமல் இருக்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அக்கா, உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தொன்பதாம் நாள் கண்ணாடி உடைந்துவிட்டது.

அதைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். விரிசலைப் பூசி, பெயின்ட் அடித்து, செருப்பு அலமாரியை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டேன். ஏப்ரல் பதினேழாம் தேதி ஒப்பந்தம். அவளிடம் சொல்லிவிட்டேன். இடது கையாலேயே துணிமணியை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டாள். நர்சு உதவிக்கு வந்தால் விரட்டுகிறாளாம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்லாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கையெழுத்துப் போடாதே. அவரிடம் உண்மையைச் சொல். நல்ல என்ஜினீயரை நானே அழைத்துவருகிறேன், அஸ்திவாரத்தைச் சரிசெய்து விற்கலாம். நாளாகும்தான், தெரியும். அந்தத் தரைத்தள வீட்டுக்காரர் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

உன்னால் சொல்ல முடியாவிட்டால் அவர் முகவரியை எனக்கு எழுது. நான் சொல்கிறேன், பழி என்மேல் வரட்டும். உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதற்கு நீ பத்திரிகையில் பதில் போட்டுவிட்டாய்.

நேற்று அவர் ஒப்பந்தத்துக்கு வரவில்லை. பத்திரிகையோடு வந்தார். ‘படிக்கு அடியில் ஒட்டிய கண்ணாடி பத்தொன்பதாம் நாள் உடைந்தது, அதன்மேல் பெயின்ட் அடித்து செருப்பு அலமாரியை வைத்தார்கள்’ என்று நீ எழுதியிருந்ததை வாசலில் நின்று உரக்கப் படித்தார். பிறகு உள்ளே போய் அலமாரியை நகர்த்தினார். என்னைத் திட்டவில்லை. “உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு பாவப்பட்டேன் சார். அதையும் சேர்த்துத்தானே எங்ககிட்ட வித்தீங்க?” என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானமே, யாரோ சொல்லி, நகராட்சி என்ஜினீயரும் அதே பத்திரிகையோடு வந்துவிட்டார்.

நம் வீட்டுக் குழாயும் கதவும் உனக்கு எழுத விஷயமாக இருந்தது பற்றி எனக்குக் கோபமே வந்ததில்லை. இதையும் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டாயா? அப்படித்தான் என்று சொல். நம்பிக்கொள்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 21

என் தம்பிக்கு,

கைதவறி எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அது பொய். தெரிந்தேதான் எழுதினேன். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் அதையே எழுதினேன். பதினாறாம் தேதி பத்திரிகை, பதினேழாம் தேதி ஒப்பந்தம். அவர் பெயர் தெரியாது, முகவரி தெரியாது, நீ தரவும் இல்லை. என் கையில் இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

படிக்கு மேலே இருக்கிற அறைக்கு அந்தக் குழந்தைகள் சண்டை போட்டதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது உன்னை நினைத்தும் இறங்கவில்லை.

என் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இல்லாவிட்டால் உங்கள் இருவரையும் இன்றைக்கே அழைத்துவந்திருப்பேன். வாடகைக்குத் தரைத்தளமாக ஏழு இடம் பார்த்தேன். இரண்டில் வாசலிலேயே ஐந்து படி, மற்றவற்றில் நமக்கு முன்னால் காத்திருப்பவர்கள் ஏகப்பட்ட பேர். தேடுவதை நான் நிறுத்தவில்லை.

வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனால் எழுது.

அக்கா

மே 2

‘வீட்டுப் பக்கம்’ பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் பத்திரிகையின் வாசகன். வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்கு நீங்கள் பதில் தருவதால் எழுதுகிறேன்.

என் வீட்டை இனி யாரும் வாங்கமாட்டார்கள். அதில் குடியிருக்கவும் கூடாது என்று நகராட்சியில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எனக்காக வைத்திருந்த தரைத்தள வீடு முந்தாநாள் வேறொருவருக்குப் போய்விட்டது. இது எதுவும் என் மனைவிக்குத் தெரியாது. கட்டிய பெட்டியைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நாள் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்கிறாள். புது வீட்டைப் பூசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தங்கள் பக்கத்தில் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதிலைக் கடிதமாக அனுப்ப வேண்டாம். அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்