அவளுக்காகப் படித்த சட்டம்

ஜூன் 3

நர்ஸிங் சூப்பிரண்டுகளுக்கு எங்கள் கல்லூரியில் ஒருநாள் பயிற்சி. நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் விதிமுறைகள். வகுப்பு எடுப்பது நான். வருகிறவர்களில் சங்கரம்மாள் பெயரும் இருக்கிறது. பார்த்ததும் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு கப் குடித்தேன்.

ஜூன் 5

என் பழைய சூப்பிரண்டு அவள். பதிவே இல்லாத ஒரு பெண்ணை ஐசியூவில் நர்ஸாக நிறுத்தினாள். அந்தப் பெண் மருந்து மாற்றி ஊசி போட்டுவிட்டாள். நோயாளி பிழைத்ததே பெரிது. விசாரணையில் சங்கரம்மாள் கூசாமல் சொன்னாள்: "அவள உள்ள விட்டது ஜஹ்ராதான்."

என் பதிவை ஓராண்டு நிறுத்தினார்கள். கிடைத்திருந்த கத்தார் வேலை போயிற்று. அந்தக் கறை இருக்கும்வரை எந்த வெளிநாடும் என்னை எடுக்காது. அதன்பிறகுதான் நர்ஸிங் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன் — பரீட்சைக்காகவா? அவளுக்காக.

தோஹாவிலிருந்து என் வீட்டுக்காரர், "விட்டுரு ஜஹ்ரா, அல்லாஹ் பாத்துக்கிடுவான்" என்கிறார். பார்க்கட்டும். நானும் கொஞ்சம் பார்க்கிறேன்.

ஜூன் 11

எல்லார் முன்னாலும் அவள் முகம் சுண்டிப்போக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 12

பெயர் சொல்லாமல் என் கதையையே வகுப்பில் சொன்னேன். "இதுல யார் பொறுப்பு?" என்று கேட்டு முடிப்பதற்குள் சங்கரம்மாள் எழுந்தாள்.

"அந்த சூப்பிரண்டு நான்தான். இந்தப் பிள்ளைக்கு துரோகம் பண்ணிட்டேன்."

அழுகை வேறு. உடனே கைதட்டல். ஒருத்தி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். அடிப்பாவி, இத்தனை வருஷம் நான் காத்துக் கிடந்தது உனக்குக் கைதட்டல் வாங்கித் தரவா?

தட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு கேட்டேன்: "சரி, விதிப்படி அடுத்து என்ன செய்யணும்?"

பின்வரிசையில் ஆத்தூரிலிருந்து வந்த பேச்சிச்செல்வி மட்டும், "கவுன்சிலுக்கு எழுதிக் குடுக்கணும் மேடம். இவங்க பதிவே போனாலும் போகும்" என்றாள்.

சங்கரம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் இரண்டாம் தடவை மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 20

எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நம்பவில்லை.

ஜூலை 8

கவுன்சில் எங்கள் இருவரையும் சென்னைக்கு அழைத்திருக்கிறது. நிஜமாகவே எழுதியிருக்கிறாள்.

ஜூலை 15

நேற்று முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரே பெட்டி. எனக்குக் கீழ் பெர்த். எனக்கு நேர் மேலே அவளுக்கு. "ஏளா, முட்டு வலிக்குது. ஏற முடியல" என்று நின்றாள்.

மதுரை வரைக்கும் இடம் கொடுக்கவில்லை.