ஜப்பான் கார் வீட்டுக்கு வந்தவர்கள்

ரோசக்கா, என் ரோசக்கா,

உன் கார் டிவியில் வந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், விளம்பரம் போக முழுசாக ஏழு நிமிஷம். முடிந்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். “பாத்தியாக்கா?” என்று கேட்க அங்கே ஆளில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் அக்கா ரோசலின் குவைத்தில் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தாள். வேலையை விட்டு ஊருக்கு வருகிற மற்றவர்கள் தங்கமும் டேப்ரிக்கார்டரும் கொண்டுவந்த காலத்தில், அவள் தன்னோடு வேலை பார்த்த டாக்டரிடம் வாங்கிய ஒரு பழைய ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தாள். தந்த நிறம், இடது பக்கம் ஸ்டியரிங், பானெட்டின் மேல் கொம்பு முளைத்த மாதிரி இரண்டு கண்ணாடி. அன்றிலிருந்து திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ‘ஜப்பான் கார் வீடு’ என்றே பேர். ஊர் காரை ஒரு மாசம் வேடிக்கை பார்த்தது. அதை ஓட்டுகிற பொம்பளையைப் பல வருஷம் வேடிக்கை பார்த்தது. நான் அவள் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அந்த வீட்டில் கடைசிவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரும்தான்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது அக்கா. இந்த ஆடிக் காற்றில் கார் மேல் போட்டிருந்த படுதா பறந்துவிட்டது. வெளியே தெரிந்த காரை எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் மருமகன் மாடியிலிருந்து போட்டோ எடுத்து எதிலோ போட்டுவிட்டான். அவ்வளவுதான். பழைய ஜப்பான் கார் என்றால் இப்போது எல்லாருக்கும் ஒரு பைத்தியமாம். உன் காரோடு பிறந்த கார்களை வெளிநாட்டில் ஏலம் போட்டு எடுக்கிறார்களாம். பத்திரிகைகளில் தனிப் பக்கமே ஒதுக்கி எழுதுகிறார்களாம். நாம் அதில் சாணி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து ரோஜாச் செடிக்குப் போட்டிருக்கிறோம்.

முதலில் மதுரையிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு இதழ். அப்புறம் டிவி. வந்தவர்கள் எல்லாரும் மண்டியிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார்கள், எஞ்சின் நம்பரைத் தடவினார்கள், கண்ணாடியில் இன்னும் உரியாமல் ஒட்டியிருக்கிற அரபு எழுத்தைப் படம் பிடித்தார்கள். நான் இரண்டு மணி நேரம் உன்னைப் பற்றிச் சொன்னேன். டிவியில் என்ன வந்தது தெரியுமா? “மறைந்த தன் கணவரின் நினைவாக இந்தக் காரைப் பாதுகாத்துவரும் ஆசிரியை” என்று ஒரு குரல். நான் கன்னியாஸ்திரி மாதிரி வாழ்ந்து முடித்தபிறகு எனக்கு ஒரு புருஷன் வந்துவிட்டார், அக்கா. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகப் போய்விட்டது.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அழைப்பு மணி அடிப்பது எனக்குப் பிடித்துப்போனது. நீ போன பிறகு அந்த மணியை அடித்தது பால்காரரும் கரண்டு ரீடிங் எடுக்கிறவரும்தான். இப்போது யார் யாரோ அடித்தார்கள். காருக்காகத்தான் வருகிறார்கள், எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு டம்ளர் அரிசி கூடப் போட ஆரம்பித்தேன்.

அப்படி வந்தவர்தான் கதிர்வேல். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், ஐம்பது வயசு இருக்கும். ஏற்கெனவே மூன்று பழைய ஜப்பான் கார்களை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறாராம். டிவியைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். “ஏனுங்க டீச்சர், குடுக்கிற எண்ணம் இருக்குதுங்களா?” என்று வாசலிலேயே கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாக்கலாம் தம்பி. முதல்ல வண்டி ஓடுதான்னு பாருங்க.”

பாவம், நம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு புது பேட்டரியோடு வந்தார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார். மத்தியானம் நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “என்னங்க முடிவு பண்ணீங்க?” என்றார். “அடுத்த வாரம் சொல்றேனே” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு அவர் கேட்டார், “இம்புட்டு நல்லா வெச்சிருந்த வண்டிய ஏனுங்க நிறுத்திப் போட்டாங்க?” டிவிக்காரர்களுக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். “கண்ணு மங்கிருச்சுன்னு அக்காவே விட்டுட்டாங்க.”

அது பொய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நாகல்நகரில் ஒரு பால்காரர் சைக்கிளில் நீ இடித்தாயே. யாருக்கும் ஒன்றுமில்லை, கேன்தான் உருண்டது. அன்றைக்கே நான் உன் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். நீ இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினாய். “ஏ பிலோ, சாவியப் பாத்தியாடி?” என்று கேட்டாய். “பாக்கலையேக்கா” என்றேன். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்தினாய். அதற்கப்புறம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாசத்தில் போய்விட்டாய். அந்த எட்டு மாசமும் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நான் பொய் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் கதிர்வேல் காருக்கு அடியில் படுத்துத் துருப் பார்த்தார். “டீச்சர், இங்க ஒரு சாமான் இருக்குதுங்க” என்று குரல் வந்தது. முன் பம்பருக்கு உள்பக்கம் கம்பியால் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். சுற்றிலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி, உள்ளே கிரீஸ் தடவிய பிளாஸ்டிக் தாள், அதற்குள் இன்னொரு சாவி.

“கட்டுப் போடத் தெரிஞ்ச கைங்க இது” என்றார்.

உன் கைதான். எனக்குத் தெரியாதா அந்தச் சுற்று? என் முழங்கால் உடைந்தபோது சுற்றிய அதே சுற்று.

அப்படியென்றால் உன்னிடம் எப்போதும் ஒரு சாவி இருந்திருக்கிறது. ஏன் ஓட்டவில்லை? அதை வைத்துக்கொண்டு ஏன் இரண்டு நாள் தேடினாய்? நானே எடுத்துக் கொடுப்பேன் என்று பார்த்தாயா? இல்லை, எனக்குப் பயம் என்று புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்தாயா? ஒருவேளை அந்தச் சாவி இருப்பதையே மறந்துவிட்டாயா? எதை நினைத்தாலும் எனக்கு ஆறுதலாக இல்லை. ஒவ்வொன்றிலும் நீ தனியாக இருக்கிறாய்.

அன்றைக்குக் கதிர்வேலுக்குச் சோறு வைக்க மறந்துவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

நான்காம் ஞாயிறு எஞ்சின் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் ஸ்டெல்லா நம் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள், “டீச்சர், ரோசக்கா வண்டியா?” என்று. அவள் ஒருத்திதான் அத்தனை பேரில் உன் பெயரைச் சொன்னவள். கதிர்வேல் ஓட்ட, நான் வலது பக்கத்தில் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். மதுரை ரோட்டில் நிலக்கோட்டைக்குத் திரும்பும் ஒரு காலிப் பூ வேன் எங்களை மறித்துக்கொண்டு போனது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வருவது தெரியாதே. “பொறுங்க, பஸ் வருது… வரட்டும்… இப்பப் போங்க!” என்று என் வாய் தானாகச் சொன்னது. முப்பது வருஷம் உனக்குச் சொன்ன வாய் அல்லவா? அவர் வேனைத் தாண்டினார். “நல்லாச் சொல்றீங்களே டீச்சர்” என்றார்.

சின்னாளப்பட்டி வரை போய்த் திரும்பினோம். வாசலில் நிறுத்திவிட்டு அவர் கேட்டார், “உங்களுக்கு விக்கிற மனசே இல்லீங்கல்ல?”

“இல்ல தம்பி. முதல் நாளே இல்ல. நீங்க வரணும்னுதான் பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னேன். காரு போயிட்டா இந்த வீட்டுக்கு யாரு வருவா?”

அவர் முகம் மாறியது. கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. அம்புட்டுத் தூரம் வந்து வந்து போனேனுங்களே” என்றார். பேட்டரியைக் கழற்றாமல் விட்டுவிட்டு, கொண்டுவந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டுப் போங்க என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு போன். “டீச்சர், வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் எஞ்சின ஓட விடுங்க. இல்லீன்னா மறுபடியும் படுத்துக்கும்.” நான் “மன்னிச்சிருங்க தம்பி” என்றேன். “அட விடுங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான். வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, வாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.

டிவிக்காரர்களும் இப்போது இந்தப் பக்கம் இல்லை. வேறெங்கோ இன்னொரு பழைய கார் கிடைத்திருக்குமோ என்னவோ. மணி அடிப்பது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடுகிறேன். ஓட்டத் தெரியாத நான் உன் இடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து யாரும் வராத நாட்களில் நான் அடுப்படியில் நின்றபடியேதான் சாப்பிடுகிறேன். சட்டியிலிருந்தே எடுத்து, இரண்டு வாய். ஒருத்திக்கு எதற்குத் தட்டும் மேசையும் என்று.

இனி யாரையும் ஏமாற்றி வரவழைக்க மாட்டேன், அக்கா. யாராவது தானாக வந்து இது யார் கார் என்று கேட்டால், உன் முழுப் பெயரைச் சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லி, அப்புறம்தான் படுதாவை விலக்குவேன். யாரும் வராவிட்டால், தட்டுப் போட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இன்றைக்கே தொடங்குகிறேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றுதான், வாழைக்காய்.

உன் வலது பக்கம் உட்கார்ந்து வந்த தங்கச்சி,
பிலோமினா