மூன்று கிழமை ஓடக்கூடாது

ஆனி 3, திங்கள்

சோளகக் காற்று. கண், வாய், சோற்றுக்கோப்பை எல்லாம் புழுதி.

தபாலில் கொழும்புக் கடிதம். தேகப்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு நேர்முகப் பரீட்சை, ஆடி 12. ஓடிக் காட்ட வேண்டுமாம். இரண்டு வருடம் தற்காலிக வாத்தியாராக இருந்தது போதும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவாமி படத்தடியில் வைத்தா.

இடது முன்கால் எலும்பில் நோவு. முழங்காலுக்குக் கீழே, நேற்று நொந்த அதே இடம். விரலால் அமத்தினால் உயிர் போகிறது.

ஆனி 5, புதன்

பண்டத்தரிப்பு ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் போனேன். நாளுக்கு எத்தனை மைல் ஓடுகிறாய் என்றார். போன மாதம் இரண்டு, இந்த மாதம் ஆறு என்றேன். எங்கே? கல்றோட்டில். சப்பாத்து? இல்லை.

“எலும்பிலை வெடிப்பு விழுகுது தம்பி. மூண்டு கிழமை ஓடக்கூடாது. ஓடினால் முறியும்.”

வருகிற சனி கழித்து அடுத்த சனி பட்டினத்தில் மைல் ஓட்டம். அரசாங்க ஏசண்டர்துரை கிண்ணம் கொடுக்கிறார். எங்கள் ஊர் விளையாட்டுச் சங்கத்துக்கு அண்ணை தலைவர். எங்களுக்கு எப்போதும் அளவெட்டிச் சங்கத்தோடுதான் போட்டி. பெயர்ப் பட்டியலில் முதலாவது நான். அண்ணையிடம் எப்படிச் சொல்வது?

ஆனி 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். சங்கக் கொட்டிலில், எல்லாருக்கும் முன்னால். கையோடு ஒரு தாளும் எழுதிக்கொண்டு போனேன்:

ஓட முன் கால் மைல் நடக்க வேண்டும்.
கல்றோட்டு வேண்டாம், தோட்டத்து மண்பாதை.
தூரத்தைக் கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.
நொந்தால் மறைக்கக்கூடாது.

அண்ணை வாசித்தார். சிரித்தார். “உது பிள்ளைத்தாச்சியளுக்கு எழுதினதோ?” கொட்டில் முழுக்கச் சிரிப்பு. தாளை மடித்துக் காற்றுக்கு ஆடின யன்னலுக்கு ஆப்பு வைத்தார்.

ஆனி 12, புதன்

ஐந்து நாள் ஓடவில்லை. நோவு குறைவு. அண்ணை கதைப்பதில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்க்கிறார்.

ஆனி 14, வெள்ளி

பின்னேரம் அண்ணை கிணற்றடிக்கு வந்தார்.

“தம்பி, ஐயா செத்த நாளிலையிருந்து உன்னட்டை நான் ஏதும் கேட்டனானோ?”

“இல்லை அண்ணை.”

“நாளைக்கு நீ ஓடாட்டி அளவெட்டிக்காரருக்கு முன்னாலை நான் தலைகாட்டேலாது.”

“அப்போதிக்கரி முறியும் எண்டவர்.”

“அவர் ஒருநாளெண்டாலும் ஓடினவரே? நாலு சுத்து. பிறகு மாதக்கணக்காப் படு.”

ஓம் என்றேன்.

யாரும் என்னைக் கட்டி இழுக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். கிண்ணத்தோடு நிற்பதை நானும் நினைத்துப் பார்த்தேன்தான்.

ஆனி 17, திங்கள்

படுக்கையில். கையெழுத்துக் கோணல்.

சனிக்கிழமை, பட்டினத்து முற்றவெளி. நல்ல சனம். நிலம் சீமெந்துபோல் இறுகிக் கிடந்தது. முதல் சுற்றில் நோவே இல்லை. அப்போதிக்கரியை மனதுக்குள் ஏசினேன். இரண்டாம் சுற்றில் நோவு. மூன்றாவதில் நான்தான் முன்னுக்கு. திருப்பத்தில் காய்ந்த மட்டை முறிந்த சத்தம். யாரோ மட்டையை மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் விழுந்தேன்.

கயிற்றுக்கு அங்காலே அண்ணை கத்துகிறார்: “எழும்படா! ஒரு சுத்துத்தான்!”

எழும்பப் பார்த்தேன். கால் பக்கவாட்டில் மடிந்தது. அதைக் கண்ட பிறகுதான் கத்துவதை நிறுத்தினார்.

பலகை வைத்துக் கட்டியிருக்கிறது. எலும்பு பொருந்துமாம். ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அப்போதிக்கரி மருந்துப் பெட்டியை மூடினார்.

ஆனி 29, சனி

கொழும்புக்கு எழுதினேன். வர இயலாது. ஒரு வரிதான். மூன்று தாள் கிழித்தேன். அண்ணையே தபாலில் போட்டுவிட்டு வந்தார். வரும்போது எனக்குக் கதலிப்பழம்.

கால் கடி. சொறியப் பலகைக்குள் விரல் போகாது.

ஆனி 30, ஞாயிறு

தொண்டைமானாற்று மாமா பார்க்க வந்தார். கால்மாட்டில் கதிரை போட்டு இருந்தார். “ஏன்ரா தம்பி, நோவோடை ஓடினனீ?”

நான் வாய் திறக்க முன் அண்ணை:

“நான் தலைப்பாடா அடிச்சுச் சொன்னனான் மாமா. ஓடாதை, கொழும்புப் பரீட்சை கிடக்கு எண்டு. உவன் கேட்டால்தானே!”

அண்ணையின் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. கண் கலங்கியிருந்தது. அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறார். பொய் என்றால் சண்டை பிடித்திருப்பேன்.

அம்மா தேத்தண்ணியோடு வாசலில். “மெய்யே தம்பி? அண்ணை சொன்னவனோ?”

ஓம் என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். “மூத்தாக்களின்ரை சொல்லைக் கேக்கோணும்.”

அதற்கும் ஓம் என்றேன்.