புல்லுக்குள் போகும் வண்டி

மார்ச் 4

பனி இன்னும் உருகவில்லை. இரண்டு பசுக்கள் ஈன்றிருக்கின்றன, கன்றுகள் இரண்டும் எழுந்து நிற்கின்றன. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி லெனோரின் பிக்கப் வண்டி கொட்டகைச் சுவரோரம் நிற்கிறது, போன ஆகஸ்டிலிருந்து. அதன் சாவி அடுக்களை ஆணியில் தொங்குகிறது. இந்தப் பக்கத்தில் வண்டியிலிருந்து சாவியை எடுப்பவர் யார்? தீ என்றால், பிரசவம் என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடட்டும் என்று வண்டியிலேயே விட்டுவிடுவோம். அவள் எடுத்து ஆணியில் மாட்டிவிட்டாள். காபி ஊற்றப் போகும்போதெல்லாம் அந்த ஆணி கண்ணை உறுத்துகிறது.

மார்ச் 9

ஒரு தடவையாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் வடக்குக் குன்றில் கம்பி வேலி கட்டிக்கொண்டிருந்தேன். லெனோர் பிக்கப்பில் மதியச் சாப்பாடு கொண்டுவந்து புல்லுக்குள்ளேயே நிறுத்தினாள். முழங்கால் உயரப் புல், சருகாய்க் காய்ந்தது. பெட்ரோல் வண்டியின் வயிற்றுக்கடியில் புகையை எரித்துச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று உண்டே, அது அடுப்பாய்ச் சுடும். அவள் ரொட்டியைப் பிரிப்பதற்குள் புல் பற்றிக்கொண்டது. குன்று முழுதும் போயிற்று. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டின் புல் போர்களும் போயின. வண்டியைத் தடத்துக்கு எடுத்துவிட்டோம். ஆளுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கோபம் இருந்ததா? இருந்தது, ஒரு வாரம். அப்புறம் இல்லை. இல்லை என்பதையும் சொல்லவில்லையே!

அன்றிலிருந்து அவள் வேலிக்கதவைத் தாண்டி எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை. பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் அவள் தங்கை மர்னா வாராவாரம் போனில் கூப்பிடுகிறாள், மாடி அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று. இன்று லெனோர் "ஆகஸ்ட்டுக்குள்ள முடிவு சொல்றேன்" என்றாள். தங்கையிடம் சொன்னாள். என்னிடம் இல்லை.

பயமா இருக்கு. வேற என்ன எழுத?

மார்ச் 15

டெல்பர்ட் வந்தான். புல் போர் எரிந்தவன் அவன், ஆனால் சிரிப்பு மட்டும் எரியவில்லை.

"ராணுவம் கழிச்சுப் போட்ட டீசல் பிக்கப் ஒண்ணு வாங்கிடுப்பா. பழைய காலத்து வண்டி. அடியில அந்த எழவெடுத்த பெட்டியே கிடையாது. பின்னால தண்ணித் தொட்டிய வச்சுட்டா நம்ம ரெண்டு பண்ணைக்கும் தீயணைப்பு வண்டி அதான். அரசாங்க வண்டி வர்றதுக்குள்ள நம்ம சாம்பலே ஆறிடும்."

லெனோர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. நான் கவனித்தேன்.

மார்ச் 28

முதல் வண்டி: ஒரு வியாபாரியிடம். பளபளவென்று புதுப் பெயின்ட். "காலையிலேர்ந்து தொடவே இல்ல சார், இப்ப பாருங்க, ஒரே சாவியில எடுக்கும்" என்றான். பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. டீசல் வண்டி சூட்டில் எடுப்பது பெரிய காரியமா? குளிரில் எடுக்கிறதா என்பதுதானே கேள்வி. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது: பின்னால் ஆம்புலன்ஸ் கூண்டு வைத்தது. டெல்பர்ட் உள்ளே படுத்துப் பார்த்து, "எனக்கு இது போதும், இப்படியே வீட்ல இறக்கி விட்டுடு" என்றான். கூண்டைக் கழற்றவே கோடை முடிந்துவிடும். வேண்டாம்.

ஏப்ரல் 6

வாங்கிவிட்டேன்! ஏல மைதானத்தில் ஓரமாய்க் கிடந்தது. பச்சையும் கறுப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாக, பின்கதவு நெளிந்து. 'மின்சாரம் முழுக்கப் பழுது' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, யாரும் ஏலம் கேட்கவில்லை. பானெட் பனிக்கட்டி மாதிரி இருந்தது. செல்ஃப் அடித்தால் இருமி, திட்டி, வெள்ளையாய்ப் புகை கக்கி எழுந்தது. அது போதும் எனக்கு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பழுதே இல்லை. எதிரி கண்ணில் படாமல் இருட்டில் ஓட்டுவதற்கென்று ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் ஹாரனும் விளக்கும் வேலை செய்யாது. யாரோ போட்டுவிட்டு மறந்திருக்கிறான். திருப்பினேன். ஹாரன் அலறியதில் கோழிகளெல்லாம் கூரைக்குப் போய்விட்டன.

ஏப்ரல் 7

லெனோர் ஜன்னலிலிருந்து: "கண்ணுல படக் கூடாதுன்னு பெயின்ட் அடிச்ச வண்டியப் போய் எதுக்கு இப்படித் துடைச்சிட்டிருக்கே?" பல நாளைக்குப் பிறகு ஒரு கேலி. இன்னும் கொஞ்சம் துடைத்தேன்.

ஏப்ரல் 22

செல்ஃபுக்கு இருபத்துநாலு வோல்ட், மற்றதற்கெல்லாம் பன்னிரண்டு. இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர். "ஒரே வண்டிக்குள்ள ரெண்டு குடித்தனம். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்க" என்றான் டெல்பர்ட். அவன் வண்டியைத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

மே 13

குளிரில் இன்ஜின் எடுப்பதற்கான ஹீட்டர் பிளக்குகளைத் தானாகச் சூடாக்கும் பழைய பெட்டி நம்பத் தகுந்ததல்ல. சிக்கிக்கொண்டால் பிளக் எல்லாம் வெந்து வீங்கிவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையால் அழுத்தும் பொத்தான் வைத்தேன், டேஷ்போர்டுக்கு அடியில். அழுத்திப் பிடித்துப் பத்து எண்ணி, பிறகு சாவி திருப்ப வேண்டும். பேட்டரி வடிந்துபோகாமலிருக்க சீட்டுக்கடியில் ஒரு துண்டிப்பு சுவிட்ச். பம்புக்கு இன்னொன்று. என் கைக்கு எல்லாம் பழகிவிட்டது.

டெல்பர்ட் டர்போ வைக்கச் சொல்கிறான், மேல் கியர்பெட்டி வைக்கச் சொல்கிறான். நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போனால் இன்ஜின் கதறுகிறதாம். புல்லுக்குள் யாரப்பா ஐம்பத்தைந்தில் போகிறார்கள்? ஆனாலும் மனசு அரிக்கிறது. இன்னும் ஏதோ ஒன்று செய்தால் சரியாகிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. எது சரியாகிவிடும்?

ஜூன் 17

தொட்டி ஏற்றியாயிற்று. பின்சக்கரத்து வில்பட்டைகள் பாரத்தில் அமுங்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டகைக் கூரை வரை பாய்ந்தது. லெனோரைக் கூப்பிட்டேன். வந்தாள். சீட்டில் உட்காரக்கூடச் செய்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை, என் நீளக் காலுக்கு வைத்த சீட்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

சாவியைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை.

"முதல்ல சீட்டுக்கடியில இருக்கிற சுவிட்ச். அப்புறம் கீழ பொத்தான். இல்ல, அந்தப் பக்கம். அது பம்ப்—"

அவள் இறங்கிவிட்டாள். "யாருக்காகச் செஞ்சே இத, வென்டல்? உன்னைத் தவிர யாராலயும் எடுக்க முடியாத வண்டி இது."

சாவியை எல்லோருக்குமாக விடுகிற ஊரில், சாவி இருந்தும் எடுக்க முடியாத வண்டியைக் கட்டி நிறுத்தியிருக்கிறேன். இரண்டரை மாதம் பாடுபட்டு! முட்டாள். முட்டாள்.

ஜூலை 8

ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். நாளைக்கு.

ஜூலை 30

ஒட்டவில்லை. புல் அறுப்பு. லெனோரின் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. காலியாகத்தான் இருக்கிறது, திறந்து பார்த்தேன். மர்னா ஆகஸ்ட் இருபதாம் தேதி காரோடு வருகிறாளாம். இதை எனக்குச் சொன்னது டெல்பர்ட்டின் மனைவி.

ஆகஸ்ட் 11

மைல்ஸ் சிட்டிக்குப் போயிருந்தேன், வேண்டவே வேண்டாத அந்த மேல் கியர்பெட்டியைப் பார்க்க. திரும்பும்போது வடக்கே புகை. மின்னல் விழுந்திருக்கிறது. மழை ஒரு பொட்டு இல்லை. என் பழைய லாரியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வாய்விட்டுக் கத்திக்கொண்டே வந்தேன்— அந்தப் பொத்தான், அந்த எழவுப் பொத்தான், பேரு எழுதி ஒட்டலியே, ஒட்டலியே.

கொட்டகை முன்னால் ராணுவ வண்டி இல்லை.

குன்றின் மேல் இருந்தது. புல்லுக்கு நடுவில், தீயின் ஓரமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று டெல்பர்ட் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஓட்டியது லெனோர். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இடது பக்கம் அடி! இடதுன்னா உனக்குத் தெரியாதா?" என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் போவதற்குள் முக்கால்வாசி அடங்கியிருந்தது. என் பங்குக்கு மண்வெட்டியால் சாம்பலைக் கிளறினேன். கண்ணில் நீர். புகைதான் என்று டெல்பர்ட்டிடம் சொன்னேன்.

"ஆமாமா, புகைதான்" என்றான் அவன்.

ஆகஸ்ட் 12

காலையில் கேட்டேன், எப்படி எடுத்தாய் என்று.

"ஜூன்லேர்ந்து தினமும் அடுக்களை ஜன்னலுக்கு நேரா நின்னுதான் எடுக்கறே. குனியறே. சீட்டுக்கடியில கை விடறே. அப்புறம் ஊருக்கே கேக்கற மாதிரி பத்து வரைக்கும் எண்ணறே. கெட்ட வார்த்தை ஒண்ணு சொல்றே. வண்டி எடுக்குது. நானும் குனிஞ்சேன், எண்ணினேன்."

"கெட்ட வார்த்தை?"

"ரெண்டு சொன்னேன். எனக்கு அவசரம்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன், "போன வருஷம் நடந்தது உன் தப்பில்ல, லெனோர். நான் அப்படி நினைக்கல."

அவள் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத சொல்ல ஒரு வருஷம் ஆச்சா உனக்கு? அதுக்கு நடுவுல ஒரு ராணுவ வண்டி வேற."

பில்லிங்ஸைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கணுமா?

ஆகஸ்ட் 20

மர்னா வந்தாள். சாப்பிட்டாள். தக்காளி ஒரு கூடை எடுத்துக்கொண்டாள். தனியாகத் திரும்பிப் போனாள்.

ஆகஸ்ட் 24

எரிந்த வேலிக்கம்பங்களை மாற்ற வடக்குக் குன்றில் இருந்தேன். மதியம் வண்டிச் சத்தம். இந்த உலகத்தில் வேறெந்த இன்ஜினும் அப்படி இருமாது. தடத்தில் நிறுத்துவாள் என்று நினைத்தேன். தடத்தை விட்டு இறங்கி, நேராகப் புல்லுக்குள் வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். மாட்டிறைச்சி ரொட்டி, ஊறுகாய், குளிர்ந்த டீ. இறங்கியதும் குனிந்து அடியில் ஒருமுறை பார்த்தாள். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

வேலியோரமாக நடந்தே வருகிறேன், நீ வண்டியைக் கொண்டுபோ என்றாள். சாவி வண்டியிலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை அவள் காலுக்குத் தக்கபடி முன்னால் இழுத்து வைத்திருக்கிறாள். பின்னால் தள்ளக் கொக்கியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். முழங்கால் இடிக்க இடிக்க வீடுவரை அப்படியே ஓட்டி வந்தேன்.