பெயர் சொல்லாத இடம்

ஜூன் 4

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். ஒருத்தி மற்றவளைவிடச் சற்றுக் கூடுதல் நலம். யார் என்று உனக்கே தெரியும்.

போனில் எதையும் பேச முடிவதில்லை. உன் மகள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். அல்லது என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் கடிதம்.

சுண்டுவுக்கு எங்கள் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. என் வகுப்பேதான். உறவெல்லாம் கேட்டுக்கு வெளியே என்பது தலைமையாசிரியையின் ஒரே நிபந்தனை. சுண்டுவிடம் சொன்னேன்: "வீட்ல சித்தி. ஸ்கூல்ல டீச்சர். சரியா?" யோசித்தாள். "ரோட்ல?" என்றாள். ரோட்டில் சித்தி என்று ஒப்பந்தமானது.

முதல் நாள் பிள்ளைகளுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வெறுமனே காட்டினால் பயம் போவதில்லை. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் கையை வைத்துத் தங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். குழாயிடம், மணியிடம், செருப்புப் பலகையிடம். "நான் இன்னார். நான் புதுசு." அறிமுகமான இடம் மிரட்டாது. கூடவே ஒரு விதி: பெயர் சொல்லாத இடத்துக்குப் போகக் கூடாது. மாடிப்படிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அதுதான் பூட்டு.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டுக் காதை வைத்துக் காத்திருந்தாள். "அது பேரே சொல்லல. உறுமுது. மரியாதை தெரியல." பாத்ரூம் கதவு, வாளி, என் நாற்காலி எல்லாம் முடித்துக் கடைசியில் என் வயிற்றில் கை வைத்தாள். "எனக்குத்தான் உன்னைத் தெரியுமே" என்றேன். "ஆமா, நீ பழசு" என்று விலகிப் போனாள்.

பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது. அன்றே இந்த அறிமுக நடையைப் பார்க்க வெளியிலிருந்து சிலர் வருகிறார்கள். மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகும் யோசனையாம். இப்போதே கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 7

பழசுக்கு,

நான் உனக்கும் மூத்தவள். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாளோ.

வார்டில் இரண்டு பேர் விடுப்பு. நின்றபடியே சாப்பிடுகிறேன். நர்சுகள் விடுதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டார்கள். அறை தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை நீதான்.

ஒன்றே ஒன்று. அவளுக்கு ஒன்றுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வெட்கம். காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள். அதைக் கண்டுகொண்டால் போதும். வேறு தொந்தரவு கிடையாது, தங்கம்.

வந்தவர்கள் வாய் பிளக்கட்டும். மூக்கில் விரல் வைக்கிறவர்களை எண்ணி எழுது.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

நடை நன்றாக நடந்தது. பாராட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டார்.

சுண்டு நலம். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தபடியே நிறைந்து திரும்பி வருகிறது. சில பிள்ளைகள் புது இடத்தில் அப்படித்தான். முன்பும் இப்படி உண்டா?

மழை வரும்போல் இருக்கிறது. துணி எடுக்க வேண்டும்.

தங்கை


ஜூன் 19

தங்கச்சி,

உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. நீ துணி எடுக்க அவசரப்படுகிற ஆளும் இல்லை.

நேற்று போனில் அவள் கேட்டாள்: "அம்மா, நீ எனக்குப் பழக்கலையா?" "என்னத்தடி?" என்றேன். "பாத்ரூம்." அதற்குள் நீ போனை வாங்கி, சிக்னல் இல்லை என்றாய். எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

அவளுக்குப் பழக்கியபோது பக்கத்தில் நின்று கை தட்டியவள் நீ. ஊரையே கூட்டியவள். என் பிள்ளைக்குப் பழக்கவில்லை என்று சொன்ன மகராசி யார்? ஆளைச் சொல். நான் பேசிக்கொள்கிறேன்.

மழுப்பாமல் எழுது.

அக்கா


ஜூன் 22

அக்கா,

அந்த மகராசி நான்தான்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. தாழ்ப்பாள் உடைந்தது. நாற்றம். பத்தாம் தேதி காலை தலைமையாசிரியை சொன்னார்: "அந்தப் பக்கம் இன்னிக்கு வேணாம் டீச்சர்." அவர் சொன்னதால் விட்டேன் என்று எழுதலாம். அவர் சொல்வதற்கு முன்பே நான் அதை விட்டிருந்தேன். வந்தவர்கள் மூக்கைப் பொத்துவதை நான் பார்க்க விரும்பவில்லை. நாளை காட்டிக்கொள்ளலாம். ஒரு நாள்தானே.

குழாய், மணி, செருப்புப் பலகை, மரம். பிள்ளைகள் பெயர் சொன்னார்கள். வந்தவர்கள் சிரித்தார்கள். நான் அழகாகப் பேசினேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பிறகு வகுப்பறையில் சுண்டு காலைப் பின்னினாள்.

உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது, அக்கா. அவள் நிற்பதை நான் பார்த்தேன். வந்தவர்களுக்கு என் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியம் முடியட்டும் என்று நினைத்தேன். அது நீளமான வாக்கியம்.

தரையில் ஓடியது. அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். விதியை மீறாமல் நின்றிருக்கிறாள். பெயர் சொல்லாத இடத்துக்குப் போகக் கூடாது.

வந்தவர்களில் ஓர் அம்மாள் கேட்டார்: "யார் வீட்டுப் பிள்ளை? வீட்ல பழக்கலையா?"

"பழக்கலை போலிருக்கு மேடம். புதுப் பிள்ளை" என்றேன்.

சிரித்துக்கொண்டு சொன்னேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் எல்லாரையும் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். "டீச்சர் ஒரு இடத்தை மறந்துட்டேன்" என்றேன். மறதி என்று அங்கேயும் ஒரு பொய். எல்லாரும் கதவில் கை வைத்துப் பெயர் சொன்னார்கள். சுண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இவ என் அக்கா பொண்ணு" என்று அத்தனை பேர் முன்னும் சொன்னேன். அவள் தலையசைத்து மறுத்தாள். "இல்ல. இவங்க டீச்சர்."

இதுவரை எழுதியதெல்லாம் பள்ளியில். இனி வீட்டில். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"டீச்சர், பாத்ரூம் போகட்டுமா?"

போ என்று சொல்ல எனக்கு நேரமானது. அதுவரை நின்றாள்.

தங்கை


ஜூன் 26

மேலே என்ன போட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் போடவில்லை.

வளர்ந்த ஆட்களுக்கே தினமும் நனைந்த படுக்கை மாற்றுகிறேன். அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள், நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று. "ஒண்ணுமில்ல, தண்ணிதானே" என்போம். மூன்றாம் மனிதரிடம் நாங்கள் சொல்வது இது.

அவள் நனைத்தது எனக்குப் பெரிதில்லை. உன் மானம் போகாமல் இருக்க என் வளர்ப்பை எடுத்துக் கொடுத்தாய். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அவள் காதுபட எடுத்தாய்.

அறை கிடைத்துவிட்டது. சின்னது. ஞாயிறு வருகிறேன். அவள் துணிகளை மடித்து வை.

நீ ஏன் சொன்னாய் என்று எனக்குப் புரிகிறது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.


ஜூலை 2

அக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. "ரீச்டு." ஒரே சொல். அதுவே அதிகம்.

நேற்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடை. கழிப்பறையிலிருந்து தொடங்கினேன். தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாழ்ப்பாள் போட ஆள் வரச் சொல்லியிருக்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே வந்திருப்பான் போலிருக்கிறது. இதை உனக்கு நற்செய்தியாக எழுதவில்லை.

ஞாயிறு நீ பார்க்காத ஒன்று. நீ கீழே பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாய். சுண்டு வீட்டைச் சுற்றினாள். ஃப்ரிட்ஜ், வாளி, பாத்ரூம் கதவு, நாற்காலி. ஒவ்வொன்றிலும் கை வைத்து, "நான் போயிட்டு வரேன்" என்றாள். நான் வாசலருகே நின்றேன். என் முறை வரும் என்று நின்றேன். என் வகுப்பில் நிற்கும் எந்தப் பிள்ளையும் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

வந்தாள். என் வயிற்றில் கை வைத்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

"நான் சுண்டு" என்றாள். "நான் புதுசு."

சொல்லிவிட்டுக் காதை வைத்துக் காத்திருந்தாள்.

எதைச் சொல்வது? சித்தி என்று சொல்ல நாக்கு கூசியது. டீச்சர் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். அந்த ஃப்ரிட்ஜ் போல நின்றேன். நீ கீழிருந்து கூப்பிட்டாய். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அவளிடம் ஒரு வார்த்தை கேள். நான் யார் என்று கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுது.

டீச்சர் என்றாலும் எழுது.

தங்கை